வழி தவறி வரும் கடற்காகங்கள்: வன்னிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி பிறந்து வாடைக்காற்று விழுந்தால் போதும், என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். மங்கலாக, தூரத்தில், பாதி வள்ளத்தின் அணியத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஒரு வெள்ளைப் பறவை. கீழே ஒரு வரி: "இது என்ன, புதுசா?" பெரும்பாலும் புதுசு இல்லை. ஆனாலும் கேட்பதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலிக்கிறது, அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கடற்காகம் என்றால் எது? குளத்தில் சிறகு விரித்துக் காயவிடுமே, அதுவா?

இல்லை, அது நீர்க்காகம். கறுப்பு. முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் பட்ட மரத்தில் சட்டை காயப்போட்ட மாதிரி நிற்கும். கடற்காகம் வேறு குடும்பம்: வெள்ளை உடம்பு, சாம்பல் முதுகு, வாத்துப்போல் தண்ணீரில் மிதக்கும். இன்னொரு குழப்பம் ஆலா. ஆலா மெலிந்தது, பல இனங்களுக்கு வால் கவைபோல் பிரிந்திருக்கும், மேலே நின்று குறி பார்த்துத் தலைகீழாகக் கடலில் விழும். கடற்காகம் அவ்வளவு பாடுபடாது. மீன் ஆயும் இடத்தில் குடல் விழும்வரை காத்திருக்கும், அடுத்ததன் வாயிலிருந்து பறிக்கும், அழுகியதும் தின்னும். காகம் என்ற பெயர் நிறத்துக்காக வந்ததில்லை, குணத்துக்காக வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வழக்கமாக இங்கே வருபவை எவை?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும், ஆனால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. வழக்கமானதைத் தெரியாமல் வழக்கமில்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

முல்லைத்தீவுத் துறையில் மீன் கூறுபோடும் இடத்தைச் சுற்றி இரைச்சல் போடுவது பழுப்புத்தலைக் கடற்காகம். ஊர்க் காகத்தின் அளவுதான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மாரியில் தலையில் பழுப்பே இருக்காது. கண்ணுக்குப் பின்னால் கரிபட்ட விரலால் தொட்டுவிட்டது போல ஒரு பொட்டு மட்டும் இருக்கும். அலகும் காலும் சிவப்பு, சிறகு நுனி கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைத் துண்டு. பங்குனி வாக்கில் தலை முழுக்கப் பழுப்பாகிவிடும், உடனே "வேறு பறவை வந்திருக்கு" என்று போன் வரும். அதே பறவைதான், கலியாணத்துக்கு வெளிக்கிட்டிருக்கிறது. இது குஞ்சு பொரிப்பது கடற்கரையிலேயே இல்லை. லடாக்கில் 4,500 மீற்றர் உயரத்தில் கிடக்கும் சோ மொரிரி, சோ கார் ஏரிகளிலும், திபெத்துப் பக்கத்து ஏரிகளிலும். மலை உச்சியில் பிறந்து நாயாற்றில் நெத்தலித் தலை தின்ன வருகிறது.

அடுத்தது ஹியூக்ளின் கடற்காகம். செம்பருந்தைவிடப் பெரிது. சிலேட்டுச் சாம்பல் முதுகு, மஞ்சள் கால், மாரியில் பிடரியில் பழுப்புக் கீறல்கள். ரஷ்யாவின் வடக்கே, மரமே முளைக்காத ஆர்க்டிக் தரையில் கூடு கட்டுவது. இதோடு ஒட்டிப் பிறந்த தம்பிபோல ஸ்டெப்பி கடற்காகம் என்று ஒன்று வரும், கசகஸ்தான் பக்கத்தது, முதுகு ஒரு படி வெளிறியது. மப்பு வெயிலில் எது எது என்று பிரிக்க எனக்கு இன்னும் கஷ்டம், பிரித்துவிட்டேன் என்று சட்டென்று சொல்பவரை நான் நம்புவதும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரியது பல்லாஸ் கடற்காகம். நெற்றி சரிந்து அப்படியே அலகுக்குள் இறங்கும், மஞ்சள் அலகின் நுனிப் பக்கம் கறுப்புப் பட்டியும் சிவப்பும் இருக்கும். தை மாசியில் தலை மைக்கறுப்பாகி, கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை மட்டும் மிஞ்சும். மன்னார்ப் பக்கம் இதைப் பார்ப்பது சுலபம்.

கருந்தலைக் கடற்காகம் என்று இன்னொன்று இடைக்கிடை பழுப்புத்தலைக் கூட்டத்துக்குள் ஒளிந்து நிற்கும். பறக்கும்போது சிறகின் முன்விளிம்பில் நீளமாக ஒரு வெள்ளை ஆப்பு தெரிந்தால் அதுதான்.

மன்னார் வன்னியா?

தேர்தல் மாவட்டத்தைக் கேளுங்கள், வன்னி என்றுதான் சொல்லும். தீவை விடவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இந்தப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பறவை இரண்டு பக்கமும் இருக்கும்.

இவ்வளவு தூரத்திலிருந்து வருபவை எல்லாம் வழக்கமானவை என்றால், எதை வழி தவறி வந்தது என்பது?

நல்ல கேள்வி. தூரத்தை வைத்து முடிவு செய்வதில்லை. 2021-ல் மன்னாரில் வைத்து ஜிபிஎஸ் கருவி பூட்டிய மேகா என்ற ஹியூக்ளின் கடற்காகம், ரஷ்யாவின் யமால் தீபகற்பம்வரை போய் அதே வருடம் மன்னாருக்கே திரும்பி வந்தது. போக வர 19,000 கிலோமீற்றருக்கு மேல். அது வழி தவறியதா? இல்லை, துல்லியமாக வழி தெரிந்தது. அதன் இனத்துக்கு இந்தக் கரை மாரிக்கால வீடு.

வழி தவறியது என்பது, அந்த இனத்தின் பிறந்த இடம், போகும் பாதை, மாரி கழிக்கும் இடம் மூன்றிலும் சேராத ஓரிடத்தில் நிற்பது. செங்கடல் பறவை நாயாற்றில் நின்றால் அது வழி தவறியது. யமால் பறவை நாயாற்றில் நின்றால் அது விருந்தாளி.

ஏன் வழி தவறுகின்றன?

ஒரே காரணம் கிடையாது. சரி, எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வயது. வழி தவறுபவற்றில் நிறைய முதல் வருடக் குஞ்சுகள். முதல் தடவை தனியாகக் கொழும்புக்கு அனுப்பிய பிள்ளை மதவாச்சியில் பஸ் மாறி ஏறுவது போலத்தான். தவறான கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால் அந்தக் கூட்டம் போகும் இடத்துக்குப் போய்விடும். எங்கள் கரையில் பழுப்புத்தலைக் கூட்டத்துக்குள் ஒரு தனி ஆள் நின்றால் இப்படி வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, உள்ளே இருக்கும் திசைகாட்டி. பறவைகள் சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தம் எல்லாவற்றையும் கலந்து பாவிக்கின்றன. சில பறவைகளுக்கு அது கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும்: தென்கிழக்கே போகவேண்டியது தென்மேற்கே போகும். சூரியப் புயலால் பூமியின் காந்தப் புலம் குழம்பும் காலங்களில் வழி தவறும் பறவைகள் கூடுகின்றன என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. அது வட அமெரிக்காவின் தரைப் பறவைகளைப் பற்றியது, கடற்காகத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

கடற்காகத்திலேயே செய்த ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. ஹியூக்ளினுக்கு நெருங்கிய சொந்தமான சின்னக் கருமுதுகுக் கடற்காகங்களைப் பின்லாந்திலும் வெண்கடல் தீவுகளிலும் பிடித்து, கிழக்கேயும் மேற்கேயும் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். சிலவற்றுக்கு மணம் உணரும் நரம்பைத் துண்டித்திருந்தார்கள். மேற்கே கொண்டுபோனவற்றில் மணம் தெரிந்தவை தாங்கள் தள்ளி வைக்கப்பட்டதை உணர்ந்து பழைய பாதைப் பக்கம் திரும்பின. மணம் தெரியாதவை அதைத் திருத்திக்கொள்ளவே இல்லை, நேரே தெற்கே போயின. 2015-ல் வெளிவந்தது. காற்றில் வரும் மணத்தை வைத்து ஒரு பறவை தான் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று அறிகிறது! கருவாட்டு வாடிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு அதிசயமாக இருக்காது, கண்ணைக் கட்டிக்கொண்டு விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

மூன்றாவது சாப்பாடு. கப்பலையும் மீன்பிடிப் படகையும் தொடர்ந்து போவது கடற்காகத்தின் பழக்கம். ராமர் அணைப் பக்கம் ஆழமில்லை, பெரிய கப்பல் வராது. ஆனால் இழுவைப் படகுகள் வருகின்றன, அவை எல்லை பார்ப்பதில்லை, பின்னால் வரும் கடற்காகமும் பார்ப்பதில்லை.

புயல் அடித்தால் அரிய பறவை வரும் என்கிறார்களே?

வரும். 2005 ஒக்டோபரில் கரிபியன் கடலில் அடித்த வில்மா சூறாவளியின் மிச்சம் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அமெரிக்கக் கரையில் இருக்கவேண்டிய சிரிக்கும் கடற்காகங்கள் நவம்பர் தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் மேற்குக் கரையிலும் டசின் கணக்கில் வந்து இறங்கின. பெயரைப் பார்த்தால் சிரித்துக்கொண்டு வந்திருக்கும் போல, பாவம், அரை உயிரோடுதான் வந்திருக்கும்.

எங்களுக்கும் புயல் புதிதில்லை. 1964 டிசம்பர்ப் புயல் வவுனியாவைக் கடந்து போய்த்தான் தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியைக் கடந்து மன்னார்க் கடலுக்குள் இறங்கியது. இப்படியான புயலுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் களப்புகளையும் பெரிய குளங்களையும் பார்ப்பது நல்லது, இரணைமடுவில்கூடக் கடற்பறவை நிற்கலாம். ஆனால் புயலுக்கு அடுத்த நாள் உங்கள் வீட்டுக் கூரை எங்கே என்று தேடவேண்டி வந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

உலகத்தில் நடந்த பெரிய 'வழி தவறல்' எது?

ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அமெரிக்காவில் கேட்டால் 1975 ஜனவரி என்பார்கள். ரொஸ் கடற்காகம், மாரியில்கூட நெஞ்சில் ரோசாச் சாயல் படிந்திருக்கக்கூடிய சின்னப் பறவை. 1823-ல் ஜேம்ஸ் கிளார்க் ரொஸ் கனடாவின் வடக்கில் சுட்டெடுத்ததால் அந்தப் பெயர். எங்கே கூடு கட்டுகிறது என்று கண்டுபிடிக்க 1905 வரை ஆனது, சைபீரியாவின் கொலிமா ஆற்று முகத்தில் செர்கேய் பூதுர்லின் கண்டார். அப்படிப்பட்ட பறவை மசசூசெற்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட் ஊர்க் கரையில் வந்து நின்றது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது, எங்கள் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. கலாபகஸ் தீவுகளில் கூடு கட்டும் கவைவால் கடற்காகம் இருக்கிறது, கடற்காகங்களில் இரவில் இரை தேடுவது இது ஒன்றுதான், கணவாய் பிடிக்கும். அது 2017 ஆகஸ்ட் கடைசியில் சியாற்றில் நகரக் கரையில் தெரிந்தது. ஆறாயிரம் கிலோமீற்றர். புயலும் இல்லை ஒன்றும் இல்லை. இன்றுவரை அந்தப் பறவை என்ன நினைத்து வடக்கே திரும்பியது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கம்சத்கா, ஜப்பான் பக்கத்துப் பறவை ஒன்று 2011 ஜனவரியில் லண்டனுக்குப் பக்கத்தில் ரெய்னம் குப்பை மேட்டில் இரை தேடியது. பிரித்தானியாவில் அதுவே முதல் தடவை. குளிரில் குப்பை மேட்டைப் பார்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் வரிசையாக நின்றார்கள். நான் மீன் கழிவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

எங்கள் கரையில் எதை எதிர்பார்க்கலாம்?

முதலில் மெல்லலகுக் கடற்காகம். மத்தியதரைக் கடல் முதல் பாரசீக வளைகுடா, பாகிஸ்தான் கரைவரை இருப்பது. இலங்கைக்கு அரிதாக வரும், வந்தால் மன்னார்ப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பழுப்புத்தலைக் கூட்டத்துக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு, நெற்றி சரிந்து, அலகு கொஞ்சம் நீண்டு, கண் வெளிறி, கன்னத்துப் பொட்டு இல்லாமலோ சாடையாகவோ நின்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கமெராவை எடுங்கள்.

அடுத்தது கரிநிறக் கடற்காகம். செங்கடல், ஓமான், மக்ரான் கரைகளுடையது, இந்தியாவின் மேற்குக் கரையிலும் வழி தவறிப் பதிவாகியிருக்கிறது. கரும்பழுப்பு உடம்பு, நீண்டு தடித்த பச்சைமஞ்சள் அலகு, அலகின் நுனியில் கறுப்பும் சிவப்பும். சோழகக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது எதுவும் நடக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் கடற்காகம் பார்க்க யாரும் போவதில்லை, நானும்தான். அதுவும் ஒரு பிழை.

'இந்தப் பகுதியில் முதல் தடவை' என்று செய்தி வருகிறதே, அப்படியானால் முன்பு வந்ததே இல்லையா?

முதல் தடவை வந்ததா, முதல் தடவை யாரோ பார்த்தார்களா? இரண்டும் ஒன்றில்லை. கிட்டத்தட்ட முப்பது வருடம் இந்தக் கரைகளில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு யார் நின்றிருக்க முடியும்? கழுத்தில் பைனாகுலர் தொங்கினால் என்ன கேள்வி வந்திருக்கும் என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நந்திக்கடலிலும் சுண்டிக்குளத்திலும் கொக்கிளாயிலும் அந்த வருடங்களில் என்னென்ன பறவை வந்து நின்று போயிற்றோ. சுண்டிக்குளம் 1938-லேயே, கொக்கிளாய் 1951-லேயே சரணாலயமானவை, அதாவது பறவைக்குப் பேர்போன இடங்கள் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. நடுவில் ஒரு தலைமுறைக் குறிப்பேடு வெறுமையாகக் கிடக்கிறது. அதனால் 'முதல் பதிவு' என்ற சொல்லைப் படிக்கும்போது நான் மனதுக்குள் 'பார்த்தவரையில்' என்று சேர்த்துக்கொள்வேன்.

வித்தியாசமாகத் தெரிந்தால் அரிய பறவைதானே?

அவசரப்படாதீர்கள். பெரிய கடற்காகம் முழு வளர்ச்சி நிறம் எடுக்க நான்கு வருடம் ஆகும். முதல் வருடம் மண்ணிறப் புள்ளி, இரண்டாம் வருடம் முதுகில் சாம்பல் திட்டு, மூன்றாம் வருடம் கிட்டத்தட்ட, நான்காம் வருடம் சரி. ஒரே இனம் ஒரே மணல்திட்டில் நான்கு உடுப்பில் நிற்கும். அதோடு இறகு உதிர்வு, வெயிலில் வெளிறல், கலப்புக் குஞ்சு எல்லாம் சேரும்.

நிபுணர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1929-ல் கோபிப் பாலைவனத்தில் எடுத்த ஒரு கடற்காகத்துக்கு 1931-ல் பெயர் வைத்தார்கள். ஆனால் அது தனி இனமா, வேறு இரண்டு இனங்களின் கலப்பா என்ற சந்தேகம் தீர, கசகஸ்தானில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுவதைக் கண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் ஏற்கவேண்டியதாயிற்று.

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தை மாதம் முல்லைத்தீவுத் துறையில் கரும்பழுப்பாக ஒரு கடற்காகம். நெஞ்சு கறுப்பு, வயிறு கறுப்பு, சிறகுக்குக் கீழேயும் கறுப்பு. கரிநிறக் கடற்காகம் என்று எனக்குள் மணி அடித்துவிட்டது. மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து, எண்பது படம் எடுத்து, கொழும்பில் இருக்கும் கூட்டாளிக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: "அலகு ஏன் மெல்லிசாச் சிவப்பா இருக்கு?" நான் பதில் எழுதவில்லை. நாலாம் நாள் காலமை அது வள்ளத்தின் விளிம்பில் இருந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கோதும்போதும் கறுப்புக்குக் கீழிருந்து வெள்ளை வெளியே வந்தது. கரையில் யாரோ ஊற்றிய பழைய எஞ்சின் ஒயிலில் விழுந்து எழும்பிய பழுப்புத்தலைக் கடற்காகம். பறவை அரிது இல்லை, ஒயிலை ஒழுங்காக ஒரு தகரத்தில் பிடித்து வைக்கும் ஆள்தான் அரிது.

அன்றிலிருந்து நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் உருவம், அலகு, கால், பக்கத்தில் நிற்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது.

எங்கே, எப்போது போவது?

ஐப்பசி முதல் சித்திரைத் தொடக்கம் வரை. தை, மாசி உச்சம். கிழக்கே முல்லைத்தீவு மீன் இறங்குதுறை, வட்டுவாகல் பாலம், நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரம். கரைவலை இழுத்து மடி கரைக்கு வரும் நேரம்தான் பொன்னான நேரம், அரை கிலோமீற்றர் சுற்றளவில் இருக்கும் கடற்காகம் எல்லாம் உங்கள் முன்னால் வந்து இறங்கும். மேற்கே மன்னார் தாம்போதி, அதன் இரு பக்கமும் கிடக்கும் வங்காலைச் சரணாலயம், அப்பால் பேசாலை, தலைமன்னார். வங்காலை 2010 முதல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலம். வெயில் உங்கள் முதுகில் இருக்கவேண்டும், கிழக்குக் கரையில் அது பின்னேரம், மேற்குக் கரையில் காலமை.

இரண்டு எச்சரிக்கை. சரணாலயத்துக்குள் இறங்கவும் ட்ரோன் பறக்கவிடவும் அனுமதி வேண்டும். மிதிவெடி அபாயப் பலகை நிற்கும் இடத்தில் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள், எந்தக் கடற்காகத்துக்காகவும்.

விலை கூடிய கமெரா இல்லாமல் முடியுமா?

முடியும். எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலர் போதும். அதன் கண்ணில் போன் கமெராவை ஒட்டிப் பிடித்து எடுத்த படத்தில் நான் பல தடவை இனம் பிரித்திருக்கிறேன்.

மீன்பிடிக்கிற ஆட்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

உங்களைவிட, என்னைவிட நன்றாகத் தெரியும். புத்தகப் பெயர்தான் தெரியாது. நாயாற்றில் வாடி போட்டிருந்த ஓர் ஐயா, வலை பொத்திக்கொண்டே, தலை நிமிராமல் என்னிடம் சொன்னார்: "அந்தக் கரைத் திட்டியில நிக்கிறது எங்கட பறவை இல்லைத் தம்பி. மூண்டு நாளா நிக்குது. மற்றதுகள் குடலுக்கு அடிபடுது, உது அடிபடாது, ஓரமாப் போய் இறால் பொறுக்குது." நான் அரை மணித்தியாலமாக அதே திட்டியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. தினமும் அதே கூட்டத்தைப் பார்ப்பவர் கண்ணில் ஒன்று மாறினால் உறுத்தும். ஆகவே கரைக்குப் போனால் முதலில் கமெராவைத் தூக்காதீர்கள். வாடியில் இருந்து ஒரு பிளேன்ரீ குடியுங்கள், "வழமை இல்லாத பறவை ஏதும் வந்ததோ" என்று கேளுங்கள், அப்புறம் தேடுங்கள்.

பார்த்துவிட்டேன், சந்தேகமாக இருக்கிறது. முதலில் என்ன செய்ய?

கிட்டப் போகாதீர்கள். நிற்கும் இடத்திலேயே இருந்து ஒரு படம், எப்படி வந்தாலும் பரவாயில்லை. பிறகு பக்கத்துப் பறவையும் சேர்ந்து வருவதுபோல் ஒன்று, அளவு அதில்தான் தெரியும். அலகும் காலும் தெரிய ஒன்று. முடிந்தால் சிறகு விரித்துப் பறக்கும்போது ஒன்று, கடற்காகத்தின் அடையாள அட்டை சிறகு நுனியில்தான் இருக்கிறது. அதற்காகக் கல்லெறிந்து எழுப்பினால் உங்களோடு நான் கதைக்கமாட்டேன். அது தானாகவே எழும்பும், செம்பருந்து ஒன்று மேலே வரும்வரை பொறுத்தால் போதும்.

திகதி, நேரம், இடம், காற்றுத் திசை எழுதுங்கள். புத்தகத்தைத் திறக்கமுன் கண்ணால் கண்டதை எழுதுவது முக்கியம். புத்தகத்தைப் பார்த்த பிறகு எழுதினால் கண்டதை விட்டுப் படித்ததை எழுதுவோம்.

யாரிடம் சொல்வது?

1943-ல் தொடங்கிய இலங்கைப் பறவைகள் கழகமும் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் களப் பறவையியல் குழுவும் பதிவுகளை எடுப்பார்கள். ஈபேர்ட் செயலியில் போட்டால் உலகமே பார்க்கும், அரிதான இனம் என்றால் படம் கேட்டு ஒருவர் எழுதுவார். கோபிக்காதீர்கள், நம்பாமல் கேட்பதில்லை, எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார்கள். என்னுடைய ஒயில் பறவை பட்டியலில் ஏறாமல் தப்பியது அப்படியான ஒரு கேள்வியால்தான்.

காலில் வளையம், முதுகில் கருவி இருந்தால்?

வளையத்தின் நிறம், எந்தக் கால், எழுத்து, எண் எல்லாம் தெரிய எத்தனை படம் எடுக்க முடியுமோ எடுங்கள். பறவையைப் பிடித்துக் கழற்ற நினைக்காதீர்கள். மேகாவைப்போல ஒன்று அனுப்பும் தகவலுக்குப் பின்னால் பலருடைய பல மாத வேலை இருக்கிறது.

சோர்ந்து கிடக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறு போடலாமா?

வேண்டாம். நாயும் காகமும் வராத நிழலில் விட்டுவிட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். கடற்காகத்தைக் கையால் தொடக்கூடாது, அதுவும் செத்துக் கிடந்தால் நிச்சயமாகக் கூடாது. 2021-க்குப் பிறகு பறவைக் காய்ச்சல் உலகெங்கும் கடற்பறவைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றிருக்கிறது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் கரையில் போட்ட செருப்போடு கோழிக்கூட்டுக்குள் போகாமல் இருப்பதும் நல்லது. 'உப்புத் தண்ணி குடிச்சுச் சாகப்போகுது' என்று கவலைப்படத் தேவையில்லை, அதன் கண்ணுக்கு மேலே உப்பைப் பிரிக்கும் சுரப்பி இருக்கிறது, மிஞ்சும் உப்பு மூக்கால் வடிந்துவிடும்.

வழி தவறி வந்தது திரும்பிப் போகுமா?

சிலது போகும். சிலது பிழையாக வந்த இடத்துக்கே வருடா வருடம் வரும், அதற்கு அதுவே பாதையாகிவிடும். சிலது சாகும்: 2017 ஜனவரியில் கலிபோர்னியாவுக்கு வந்த ஒரு ரொஸ் கடற்காகத்தை, சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வல்லூறுகள் அடித்துவிட்டன. சிலது குடும்பமே நடத்தும். தென் அரைக்கோளத்துப் பறவையான கெல்ப் கடற்காகம் 1989 வாக்கில் அமெரிக்காவின் லூசியானாவுக்கு அப்பால் உள்ள சாண்டலூர் தீவுகளில் கூடு கட்டத் தொடங்கி, அங்கிருந்த ஹெரிங் கடற்காகத்தோடு கலந்து குஞ்சும் பொரித்தது. புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த ஊரில் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதைப் பார்த்து என்ன பலன்?

மாமியும் இதைத்தான் கேட்கிறா.

சரி, நீங்கள் எத்தனை கண்டிருக்கிறீர்கள்?

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை. உறுதியில்லாமல் ஒன்று இருக்கிறது. அந்த நாயாற்று ஐயா காட்டினாரே, ஓரமாக இறால் பொறுக்கியது, அது. தலை சுத்த வெள்ளை, பொட்டு இல்லை, கழுத்து நீளம், நெற்றி சரிவு. மெல்லலகு என்றுதான் என் மனம் சொல்கிறது. நான் மணலில் முட்டுக்கால் குத்தி, போனை பைனாகுலரில் ஒட்டி, விரல் நடுங்க ஒரு படம் எடுத்தேன். இரண்டாவதற்கு அழுத்தமுன் ஒரு நாய் ஓடிவந்தது, கூட்டம் முழுக்க எழும்பியது, அந்த ஒன்று தனியாகப் பிரிந்து கொக்கிளாய்ப் பக்கம் போனது. படத்தில் கண் எது, மணல் எது என்று தெரியவில்லை. கூட்டாளிக்கு அனுப்பினேன். "இருக்கலாம்" என்று எழுதினார். அடுத்த நாள் வெள்ளனப் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். ஐயா என்னைக் கண்டதும் வலையைக் கீழே வைக்காமலே தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.